கடலில் எஞ்சின் நின்றால்: மண்ணெண்ணெய் எஞ்சின் பழுதை அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

வன்னியின் கிழக்குக் கரையில் கொக்கிளாய், நாயாறு, அளம்பில், முல்லைத்தீவு, சாலை. மேற்குக் கரையில் விடத்தல்தீவு, தேவன்பிட்டி, இரணைமாதாநகர், நாச்சிக்குடா. எந்தத் துறையில் நின்று பார்த்தாலும் பைபர் படகின் பின்பலகையில் மண்ணெண்ணெய் எஞ்சின் ஒன்றைக் காணலாம். பெற்றோலில் ஸ்ரார்ட் எடுத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறி ஓடும் டூ ஸ்ரோக் எஞ்சின் அது. கீழே உள்ளவை 9.9 தொடக்கம் 40 குதிரைவலு வரையான இந்த வகைக்காக எழுதப்பட்டவை. பெற்றோலில் மட்டும் ஓடும் எஞ்சினுக்கும் மண்ணெண்ணெய் பற்றிய பகுதி தவிர மற்றதெல்லாம் பொருந்தும்.

ஒரு விடயத்தை முதலிலேயே அழுத்திச் சொல்ல வேண்டும். எஞ்சின் நின்றவுடன் மூடியைத் திறந்து காபரேட்டரில் கைவைப்பது பிழை. நிற்பதற்கான காரணம் பெரும்பாலும் எஞ்சினுக்கு வெளியில், எண்ணெய் (பெற்றோல், மண்ணெண்ணெய்) வரும் வழியிலோ தண்ணீர் வரும் வழியிலோதான் இருக்கும். வெளியிலிருந்து தொடங்கி உள்ளே போங்கள். அலையில் ஆடும் படகில் கழற்றிய சின்ன ஸ்குரூ கடலுக்குள் விழுந்தால், பத்து ரூபாய்ப் பழுது ஒரு தொழில் நாளைத் தின்றுவிடும்.

படகில் எப்போதும் இருக்க வேண்டியவை: 21 மில்லிமீற்றர் பிளக் சாவி, எஞ்சினுக்குரிய இலக்கத்தில் இரண்டு புதுப் பிளக், ஸ்ரொப் சுவிச்சின் மேலதிகக் கிளிப், குறடு, இரண்டு வகை ஸ்குரூ டிரைவர், படகைத் தள்ளும் காற்றாடிக்குரிய பின்கள், ஒன்றரை மீற்றர் கயிறு, ஒளி புகும் வெறும் போத்தல் ஒன்று, உலர்ந்த துணி. இவற்றோடு நங்கூரமும் அதற்குப் போதிய கயிறும். எஞ்சின் நின்றால் முதலில் செய்ய வேண்டியது நங்கூரம் போடுவதுதான். காற்று படகை இழுத்துக்கொண்டு போகும்போது யாருக்கும் பதறாமல் யோசிக்க வராது.

காலையில் எத்தனை தரம் இழுத்தும் ஸ்ரார்ட் எடுக்குதில்லை

கயிற்றை இழுத்துக் களைப்பதற்கு முன் கையால் தொட்டுப் பாருங்கள். சிவப்புக் கிளிப் ஸ்ரொப் சுவிச்சில் சரியாகக் கொழுவியிருக்கிறதா? தாங்கி மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? எண்ணெய்க் குழாயின் இணைப்பு இரண்டு பக்கமும் 'டிக்' என்று பூட்டியிருக்கிறதா? கியர் நடுநிலையில் நிற்கிறதா? பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மாற்றும் கொக் பெற்றோல் பக்கம் இருக்கிறதா? பிறகு எண்ணெய்க் குழாயின் இடையில் உள்ள இறப்பர் அமுக்குப் பந்தை, அதன் அம்புக்குறி எஞ்சினைப் பார்க்க, வெளிவாய் மேலே இருக்கும்படி பிடித்துக் கல்லுப்போல இறுகும் வரை அமுக்குங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் எடுக்கவில்லை என்றால், நேற்று எஞ்சினை எப்படி நிறுத்தினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். மண்ணெண்ணெயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தியிருந்தால் விடை அதில்தான் இருக்கிறது. பெற்றோல் எந்தக் குளிரிலும் ஆவியாகித் தீப்பிடிக்கும். மண்ணெண்ணெயோ சுமார் 38 பாகை செல்சியஸுக்கு மேல்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும். குளிர்ந்த எஞ்சினின் காபரேட்டர்க் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் நின்றால், கொக்கைப் பெற்றோல் பக்கம் திருப்பியும் பயனில்லை. முதல் இழுவைகளில் எஞ்சினுக்குள் போவது கிண்ணத்தில் நிற்கும் மண்ணெண்ணெய்தான். அது பிளக்கை நனைத்துவிடும், பிறகு பெற்றோல் வந்தும் பொறி பிறக்காது.

இதற்கு மருந்து: காபரேட்டர்க் கிண்ணத்தின் அடியில் உள்ள வடிக்கும் ஸ்குரூவை ஒரு சுற்றுத் தளர்த்தி, உள்ளே நிற்பதைத் துணியில் பிடியுங்கள். ஸ்குரூவை முற்றாகக் கழற்ற வேண்டாம். இறுக்கிவிட்டு, கொக் பெற்றோலில் நிற்க, பந்தை அமுக்கிக் கிண்ணத்தை நிரப்புங்கள். பிளக்குகளைக் கழற்றித் துடைத்து உலர்த்துங்கள். கிளிப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பிளக் ஓட்டைகள் திறந்திருக்க, றேஸை முழுதும் திறந்து ஐந்தாறு தரம் இழுத்தால் சிலிண்டருக்குள் தேங்கியது வெளியே தெறிக்கும். கிளிப் இல்லாமல் இழுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தெறிக்கும் எண்ணெயும் வயர் முனையில் வரும் பொறியும் சந்தித்தால் தீ. பிளக்கைப் பூட்டி, கிளிப்பைக் கொழுவி, சோக் போட்டு இழுங்கள். எடுத்தவுடன் சோக்கைத் தள்ளிவிடுங்கள்.

மறுநாள் இந்தப் பாடு வராமலிருக்க, கரைக்கு வரும்போது கடைசி 3 முதல் 5 நிமிடம் பெற்றோலில் ஓட்டி நிறுத்துங்கள். குழாயிலும் கிண்ணத்திலும் நிற்கும் மண்ணெண்ணெய் எரிந்து முடிய அந்த நேரம் வேண்டும். அந்தப் பெற்றோலிலும் ஒயில் கலந்திருக்க வேண்டும். ஸ்ரார்ட்டுக்கு மட்டும்தானே என்று வெறும் பெற்றோல் ஊற்றினால், எஞ்சின் நன்றாகச் சூடாக இருக்கும் அந்த 5 நிமிடத்தில் பிஸ்டன் வறட்சியாக உரசும்.

கிண்ணம் வடித்தும் எடுக்காவிட்டால் பொறியைப் பாருங்கள். எண்ணெய்க் குழாயைக் கழற்றித் தள்ளி வையுங்கள். சிந்தியதைத் துடையுங்கள். பிளக்கைத் தொப்பிக்குள் செருகி, அதன் புரிப்பகுதி எஞ்சினின் வெறும் உலோகத்தில் தொடும்படி, பிளக் ஓட்டையிலிருந்து விலக்கி, இறப்பர் பிடியுள்ள குறடால் பிடித்து, கிளிப்பைக் கொழுவி இழுங்கள். நீலமாக, 'டிக் டிக்' என்று கேட்கும் பொறி நல்லது. மஞ்சளாக, மெலிந்து வந்தால் புதுப் பிளக் போட்டு மறுபடி பாருங்கள். இரண்டு சிலிண்டரிலும் பொறியே இல்லை என்றால் பொறிக்கு மின் கொடுக்கும் சிடிஐ பெட்டியைச் சந்தேகிக்க முன் ஸ்ரொப் சுவிச்சைச் சந்தேகியுங்கள். உப்புப் பிடித்து உள்ளே ஒட்டிக்கொள்ளும் சுவிச் எஞ்சினை எப்போதும் 'நில்' என்றே வைத்திருக்கும். சுவிச்சிலிருந்து சிடிஐக்குப் போகும் வயரை இணைப்பில் பிரித்துவிட்டு இழுத்துப் பாருங்கள். பொறி வந்தால் பழுது சுவிச்சில். அப்படியே கரைக்கு வரலாம். ஆனால் அந்த நிலையில் கிளிப்பை இழுத்தாலும் எஞ்சின் நிற்காது, சோக்கை இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். ஓட்டுபவர் தண்ணீருக்குள் விழுந்தால் படகு அவர்மேலேயே திரும்பி வரலாம். ஆகவே சுவிச் மாற்றாமல் மறுநாள் தொழிலுக்குப் போகாதீர்கள்.

ஒரு சிலிண்டரில் மட்டும் பொறி இல்லை என்றால் இரண்டு பிளக் தொப்பிகளையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பாருங்கள். தொப்பி உள்ளே பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தால் வயரின் நுனியில் அரை அங்குலம் வெட்டிப் புதிதாகத் திருகிப் பூட்டலாம்.

ஸ்ரார்ட் எடுக்குது, கொஞ்ச நேரத்தில் அடங்கி நிற்குது

நின்ற அந்த நொடியே அமுக்குப் பந்தைத் தொட்டுப் பாருங்கள். இந்த அறிகுறிக்குப் பந்தைவிட நல்ல சாட்சி இல்லை.

பந்து சப்பையாக உறிஞ்சப்பட்டுக் கிடந்தால் அடைப்பு தாங்கிப் பக்கம். பெரும்பாலும் காற்றுத் திருகு மூடியிருக்கும். மூடியைத் தளர்த்தும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் அதுதான். இல்லையென்றால் தாங்கிக்குள் இறங்கும் குழாயின் அடி வலையில் குப்பை.

பந்து மெதுவாக, எவ்வளவு அமுக்கியும் இறுகாமல் இருந்தால் காற்று உள்ளே வருகிறது. குழாய் இணைப்பின் சிறு இறப்பர் வளையம் தேய்ந்திருக்கும், அல்லது வெயிலில் வெடித்த குழாய் வளையும் இடத்தில் கீறியிருக்கும். தாங்கியில் எண்ணெய் இருக்கிறதா என்பதையும் வெட்கப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பந்து இறுகாமல் காபரேட்டரிலிருந்து எண்ணெய் வழிந்தால், கிண்ணத்தின் மிதவை ஊசி குப்பையில் மாட்டி மூடாமல் நிற்கிறது. கிண்ணத்தின் பக்கத்தில் ஸ்குரூ டிரைவர்ப் பிடியால் மெல்லத் தட்டினால் சிலவேளை இருக்கைக்குத் திரும்பும்.

பந்து இறுக்கமாக இருந்தும் எஞ்சின் நின்றதென்றால் அடைப்பு பந்துக்கும் காபரேட்டருக்கும் இடையில்: வடிகட்டி, எண்ணெய்ப் பம்ப், ஜெற் (காபரேட்டருக்குள் எண்ணெயை அளந்து விடும் சின்னப் பித்தளை ஓட்டை). அதற்கு முன் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். வடிகட்டிக் கிண்ணத்தில் உள்ளதை வெறும் போத்தலில் ஊற்றி 10 நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்காமல் வடித்து வடித்து ஓட்டுவது வீண் வேலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாடிக்கு வெளியே நிமிர்த்தி வைத்த பீப்பாயின் தலையில் தண்ணீர் தேங்கும். பகலில் சூடேறிய பீப்பாய் இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, மூடி இறுக்கமாகத் தெரிந்தாலும் அதன் புரிவழியே தேங்கிய தண்ணீரை உள்ளே உறிஞ்சும். பீப்பாயை ஒரு பக்கம் கல்லு வைத்துச் சரித்து, மூடி உயரமான பக்கம் வரும்படி நிறுத்துங்கள். மேலே தறப்பாள் போட்டால் இன்னும் நல்லது. பீப்பாயின் அடியில் கடைசி இரண்டு விரல் எண்ணெயைத் தாங்கிக்குள் ஊற்றாதீர்கள். வடிக்கப் பழைய சாரத்துணி பிடிப்பதையும் விடுங்கள். நூல் இழைகள் ஜெற்றில் போய் அடைக்கும். நெருக்கமான பித்தளை வலை வைத்த புனல் வாங்கி வையுங்கள்.

ஜெற் அடைத்திருந்தால் ஊசியாலும் கம்பியாலும் குத்த வேண்டாம். பித்தளை மெதுவானது. ஓட்டை நூலிழை அளவு பெருத்தாலும் எஞ்சின் எண்ணெயை அளவுக்கு மீறிக் குடித்துக் கரும்புகை விடும், அதைத் திருப்பிச் சிறிதாக்க முடியாது. மெல்லிய தங்கூசி (நைலோன் இழை) ஒரு துண்டை நுழைத்து இழுங்கள், பெற்றோலில் கழுவி ஊதுங்கள். அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

பெற்றோலில் நல்லாய் ஓடுது, மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் இருமுது

பெரும்பாலும் அவசரம்தான் காரணம். குறைந்தது 3 நிமிடமாவது பெற்றோலில், கொஞ்சம் றேஸ் கொடுத்து ஓடி, எஞ்சின் தலை கைக்குச் சூடாகத் தெரிந்த பிறகே மாற்றுங்கள். மாற்றிய பின் உடனே ஸ்லோவில் விடாதீர்கள். நடுத்தர வேகத்தில் பிடியுங்கள். வலை இழுக்கும்போது நெடுநேரம் ஸ்லோவில் நிற்க வேண்டியிருந்தால் பெற்றோலுக்கே திரும்புங்கள். குறைந்த வேகத்தில் எஞ்சின் குளிர்ந்து, மண்ணெண்ணெய் முழுதும் எரியாமல் பிளக்கில் கரியாகப் படியும். மாலையில் ஸ்ரார்ட் எடுக்காததற்குக் காலையில் வலையடியில் நின்ற அந்த ஒரு மணித்தியாலம் காரணமாக இருக்கலாம்.

சூடாக இருந்தும் இருமினால் மாற்றும் கொக்கைப் பாருங்கள். உள்ளே இருக்கும் வளையம் தேய்ந்தால் இரண்டு எண்ணெயும் கலந்து வரும், காற்றும் வரும். சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்ரற் திறந்தபடி மாட்டிக்கொண்டாலும் எஞ்சின் சூடேறாமல் மண்ணெண்ணெயை மறுக்கும்.

பிளக்கின் நிறம் நிறையச் சொல்லும். கோப்பித்தூள் நிறம் நல்லது. காய்ந்த கரி என்றால் எண்ணெய் கூட அல்லது எஞ்சின் குளிர். நனைந்த கறுப்பு என்றால் பொறி இல்லை. வெளிறிப்போய்ச் சின்னக் கொப்புளம் தெரிந்தால் எஞ்சின் காய்கிறது: எண்ணெய் குறைவு, காற்றுக் கசிவு, அல்லது தண்ணீர் ஓட்டம் இல்லை. இந்த நிறத்தைக் கண்டால் அன்று தூரம் போகாதீர்கள். பிளக் மாற்றும்போது எஞ்சினில் ஒட்டியிருக்கும் இலக்கத்தையே வாங்குங்கள். என்ஜிகே பிளக்கில் நடுவில் உள்ள எண் சிறிதானால் பிளக் கூடச் சூடாக ஓடும், பெரிதானால் குளிராக ஓடும். கடைசியில் '-10' இருந்தால் இடைவெளி 1.0 மில்லிமீற்றர். கடையில் இருப்பது பக்கத்து எண் என்பதற்காக ஏற்றுக்கொள்ளாதீர்கள். புதுப் பிளக்கைக் கையால் இருக்கை வரை திருகி, சாவியால் அரைச் சுற்று மட்டும் இறுக்குங்கள்.

ஒயில் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். எஞ்சின் கையேடு சொல்லும் விகிதத்தைப் பிடியுங்கள். 50க்கு 1 என்றால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், 20 லீற்றர்த் தாங்கிக்கு 400. 25க்கு 1 என்றால் அதன் இரு மடங்கு, 800. கண்மதிப்பில் ஊற்றாமல் அளவுக் கோப்பை வைத்துக்கொள்ளுங்கள். போத்தலில் 'TC-W3' (டிசி-டபிள்யூ3) என்று இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் டூ ஸ்ரோக் ஒயில் காற்றால் குளிரும் எஞ்சினுக்கானது. அதிலுள்ள சாம்பல் தண்ணீரால் குளிரும் எஞ்சினில் பிஸ்டன் தலையிலும் பிளக்கிலும் படிந்து தானாகவே கனன்று நேரத்துக்கு முன் வெடிக்க வைக்கும். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியபோது ஒவ்வொரு தாங்கியும் பாரமாகிப் போனது உண்மை. ஆனால் ஒயிலில் மிச்சம் பிடிக்க முடியாது. ஒரு பிஸ்டன் பிடித்தால் போகும் காசு பல மாத ஒயில்.

தண்ணீர் துப்பும் ஓட்டையில் தண்ணீர் வருகுதில்லை

உடனே ஸ்லோவுக்கு இறக்குங்கள். பத்து விநாடிக்குள் வரவில்லை என்றால் நிறுத்துங்கள். எஞ்சினைத் தூக்கி, கியர்ப் பெட்டியின் இரு பக்கத்திலும் உள்ள உறிஞ்சும் கீறல்களைப் பாருங்கள். பூநகரிப் பக்கத்து ஆழமில்லாக் கடலிலும் நந்திக்கடலிலும் கொக்கிளாய்க் களப்பிலும் சாதாழையும் ஷொப்பிங் பையும்தான் முதல் சந்தேகநபர்கள். எடுத்துவிட்டு மறுபடி ஸ்ரார்ட் செய்து பாருங்கள்.

அது சுத்தமாக இருந்தால் துப்பும் ஓட்டையையே குத்திப் பாருங்கள். இங்கே தடித்த தங்கூசியோ மெல்லிய கம்பியோ நுழைக்கலாம். உப்புக்கட்டி, மணல், சிலவேளை குளவி கட்டிய மண்கூடு. குத்தியதும் பாய்ந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சந்தேகம் தீர ஒரு சின்னச் சோதனை: சிலிண்டர்த் தலையில் இரண்டு துளி தண்ணீர் விடுங்கள். 'சுர்' என்று கொதித்து ஓடினால் எஞ்சின் காய்ந்துவிட்டது. அப்படியானால் மூடியைத் திறந்து அப்படியே ஆற விடுங்கள், குறைந்தது அரை மணித்தியாலம். வாளியால் கடல் தண்ணீரை அள்ளி ஊற்றாதீர்கள். சூடான அலுமினியத் தலை கோணிப்போகும், கஸ்கெற் விடும்.

உறிஞ்சும் கீறலிலும் துப்பும் ஓட்டையிலும் அடைப்பு இல்லையென்றால் பம்பின் இறப்பர் விசிறி தேய்ந்திருக்கும். மணலில் தள்ளி இறக்கும் படகுகளில் இது சீக்கிரம் போகும். முல்லைத்தீவுக் கரையில் அலைக்குள் ஸ்ரார்ட் எடுக்கும்போது உறிஞ்சுவது பாதி தண்ணீர், பாதி மணல். வருடத்துக்கு ஒரு தரம், தொழில் குறையும் வாடைக் காலத்தில் கிழக்குக் கரையிலும் சோளகக் காற்றுக் காலத்தில் மேற்குக் கரையிலும், பழுதாகக் காத்திராமல் மாற்றிவிடுங்கள். கரையில் தண்ணீர் இல்லாமல் 'ஒருக்கால் சத்தம் பார்க்க' ஸ்ரார்ட் எடுப்பது ஒரு புது விசிறியைக்கூடச் சில விநாடியில் கருக்கிவிடும்.

மாற்றும் வழி:

1. கிளிப்பைக் கழற்றுங்கள், பிளக் தொப்பிகளையும் எடுங்கள். கியர் எந்த நிலையில் நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கியர்க் கம்பியின் இணைப்பைப் பிரித்து, கீழ்ப் பகுதியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி நேராகக் கீழே இழுங்கள். உப்பில் பிடித்திருந்தால் மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள், ஸ்குரூ டிரைவரால் நெம்பாதீர்கள்.

2. பம்ப் மூடியின் நான்கு போல்ட்டையும் கழற்றி மேலே எடுங்கள். பழைய விசிறியின் இதழ் ஏதாவது குறைந்திருந்தால் அந்தத் துண்டைத் தேடிப் பிடியுங்கள். அது மேலே போகும் குழாயில் நின்று, புது விசிறி போட்ட பிறகும் தண்ணீரை மறிக்கும். கீழ்த் தட்டிலும் மூடியின் உட்சுவரிலும் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் இருந்தால் அவற்றையும் மாற்றுங்கள்.

3. தண்டில் உள்ள சின்னத் திறப்புக் கட்டையைக் கிறீஸ் தொட்டு ஒட்டி வையுங்கள். அது இல்லாவிட்டால் தண்டு சுற்றும், விசிறி சுற்றாது. புது விசிறிக்குச் சவர்க்காரத் தண்ணீர் தடவி, தண்டை மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றிக்கொண்டே மூடியை இறக்குங்கள். இதழ்கள் எல்லாம் ஒரே பக்கம் மடிய வேண்டும்.

4. கீழ்ப் பகுதியை ஏற்றும்போது மூன்று இடங்கள் ஒரே நேரத்தில் சேர வேண்டும்: தண்டின் பற்கள், கியர்க் கம்பி, தண்ணீர்க் குழாய். குழாய் அதன் இறப்பர் வாய்க்குள் இறங்காமல் பக்கத்தில் நின்றால் எல்லாப் போல்ட்டும் பூட்டுப்படும், தண்ணீர் மட்டும் வராது. 'விசிறி மாற்றியும் சரிவரவில்லை' என்று வரும் பல எஞ்சின்களில் இதுதான் பிழை. தண்டின் பற்களுக்கு மட்டும் கிறீஸ், உச்சி முகத்தில் வேண்டாம். அங்கே தேங்கும் கிறீஸ் தண்டை முழுதும் மேலே ஏற விடாது.

பீப்பாய்த் தண்ணீரில் இறக்கி, தண்ணீர் மட்டம் காற்றாடிக்கு மேலுள்ள தட்டையான தகட்டுக்கு மேலே நிற்க, ஸ்ரார்ட் எடுத்துப் பாருங்கள். புது விசிறியும் தண்ணீர் துப்பவில்லை என்றால் தெர்மோஸ்ரற்றைக் கழற்றி வெந்நீரில் போடுங்கள். இந்த எஞ்சின்களில் பலவற்றில் அது சுமார் 50 பாகையில் திறக்கும். திறக்காவிட்டால் மாற்ற வேண்டும்.

எஞ்சின் அலறுது, படகு போகுதில்லை

நிறுத்தி, தூக்கி, காற்றாடியைக் கையால் சுற்றிப் பாருங்கள். கியரில் நிற்கும்போது காற்றாடி இலேசாக இரு பக்கமும் சுற்றினால், சிறிய எஞ்சினில் பின் உடைந்திருக்கும். படகில் வைத்திருக்கும் பின்னைப் போடுங்கள். இரும்பாணி போட வேண்டாம். உடைவதற்காகவே மெதுவான உலோகத்தில் செய்தது அது. ஆணி உடையாது, அதற்குப் பதில் கியர்ப் பற்கள் உடையும்.

பெரிய எஞ்சினில் காற்றாடியின் நடுவில் உள்ள இறப்பர்க் குடம் வழுக்கலாம். குடத்தின் உள்வளையத்திலும் வெளிவளையத்திலும் சேர்த்து ஒரே கோடாகப் பெயின்ற் போட்டு, ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு விலகியிருந்தால் வழுக்குகிறது. அரை றேஸுக்குக் கீழே மெதுவாக வந்தால் பெரும்பாலும் கரை சேரலாம்.

காற்றாடி சரி, ஆனால் அலையில் ஏறும்போதும் திரும்பும்போதும் மட்டும் அலறினால் எஞ்சின் உயரம் பிழை. காற்றாடிக்கு மேலுள்ள தகடு படகின் அடிமட்டத்தோடு நேராக, அல்லது 25 மில்லிமீற்றர் வரை கீழே நிற்க வேண்டும். மேலே நின்றால் காற்றாடி காற்றை அள்ளும். நீளத் தண்டு எஞ்சினுக்குப் பின்பலகை சுமார் 20 அங்குலம், குட்டைத் தண்டுக்கு 15. வள்ளத்துக்கு வாங்கிய குட்டைத் தண்டைப் பைபர் படகில் கொழுவினால் இந்தக் குறை தீரவே தீராது.

கியர் ஒயில் பால்போல இருக்குது

தண்ணீர் போய்விட்டது. காற்றாடியைக் கழற்றினால் பெரும்பாலும் தண்டில் தங்கூசி சுற்றி, உள்ளே போய் ஒயில் சீலை அறுத்திருக்கும். அறுந்த வலையும் தங்கூசியும் கிடக்கும் இடத்தில் தொழில் செய்பவர்கள் மாதம் ஒரு தரம் காற்றாடியைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. சீல் மாற்றிய பின், கீழ் ஓட்டையால் ஒயிலை ஏற்றி, மேல் ஓட்டையால் குமிழி இல்லாமல் வழியும் வரை நிரப்புங்கள். மேல் ஸ்குரூவை முதலில் பூட்டி, பிறகு கீழே உள்ளதை. இரண்டிலும் புது வாஷர்.

ஒரு பக்கம் இழுக்குது, முழு றேஸும் எடுக்குதில்லை

இரண்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றில் ஓடுகிறது. எஞ்சினை நிறுத்தி, ஒரு தொப்பியைக் கழற்றி, பழைய பிளக் ஒன்றைச் செருகி, அதன் உடல் எஞ்சினில் தொடும்படி கட்டுங்கள். ஸ்ரார்ட் எடுத்தால் சத்தம் முன்புபோலவே இருக்கிறதா? அப்படியானால் அந்தச் சிலிண்டர் முன்பே செத்துவிட்டது. பொறி, பிளக், அந்தப் பக்கத்துக் காபரேட்டர் என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அமுக்கம் பார்க்கும் கேஜ் பூட்டி இரண்டையும் ஒப்பிடுங்கள். மண்ணெண்ணெய் எஞ்சினின் அமுக்கம் பெற்றோல் எஞ்சினைவிடக் குறைவாகவே அமைத்திருப்பார்கள், எண்ணைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. ஒன்றுக்கொன்று 10 வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் றிங் அல்லது கஸ்கெற். ஒரு பிஸ்டன் தலை மட்டும் கரியில்லாமல் பளபளவென்று கழுவியதுபோல இருந்தால் கஸ்கெற்வழியே தண்ணீர் வருகிறது.

படகு கவிழ்ந்து எஞ்சின் கடல் தண்ணீர் குடித்துவிட்டது

இதில் நேரம்தான் எல்லாம். தண்ணீருக்குள் இருக்கும்வரை துரு மெதுவாகத்தான் பிடிக்கும். வெளியே எடுத்து ஈரத்தில் காற்றுப் பட்டதும் பெயரிங்குகளில் சில மணித்தியாலத்தில் தொடங்கிவிடும். உடனே வேலை செய்ய வசதி இல்லை என்றால், எஞ்சினை நல்ல தண்ணீர்ப் பீப்பாய்க்குள் முழுதும் அமிழ்த்தி வைப்பது கரையில் போட்டு வைப்பதைவிட மேல். கடலோரக் கிணறு உவர் என்றால் உள்ளூரிலிருந்து பவுசர்த் தண்ணீர் எடுத்தாவது அமிழ்த்துங்கள்.

வேலை தொடங்கும்போது முதலில் கயிற்றை ஆறுதலாக இழுத்துப் பாருங்கள். ஓடும்போது கவிழ்ந்திருந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் நிறைந்து பிஸ்டனைப் பிடித்திருக்கும் கொன்ரொட் வளைந்திருக்கலாம். கரகரத்தால், இடையில் பிடித்தால், இழுக்காதீர்கள், பிரித்தே ஆக வேண்டும். இலகுவாகச் சுற்றினால் மூடியைக் கழற்றி வெளியெல்லாம் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பிளக்குகளை எடுத்து, பிளக் ஓட்டை கீழே பார்க்கும்படி எஞ்சினைச் சரித்து, தண்ணீர் வடியும் வரை கயிற்றை இழுங்கள். காபரேட்டரைக் கழற்றி, கிண்ணத்தை வடித்து, பெற்றோலில் கழுவுங்கள். தாங்கியிலும் குழாயிலும் உள்ள எண்ணெயை முற்றாக ஊற்றிவிடுங்கள். வயர் இணைப்புகளைப் பிரித்து நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்துங்கள்.

பிறகு ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் காபரேட்டர் வாயிலும் இரண்டு மேசைக்கரண்டி டூ ஸ்ரோக் ஒயில் விட்டு, இருபது தரம் மெதுவாக இழுங்கள். புதுப் பிளக், புது எண்ணெய். முதல் தாங்கிக்கு வழமையைவிட இரட்டிப்பு ஒயில், பெற்றோலில் மட்டும். பீப்பாய்த் தண்ணீரில் வைத்து ஸ்ரார்ட் எடுத்து, அரை மணித்தியாலமாவது ஓட விடுங்கள். உள்ளே மிஞ்சிய ஈரம் அந்தச் சூட்டில்தான் போகும். புகை நிறைய வரும், பயப்பட வேண்டாம். நிறுத்தி, ஆறவிட்டு, கியர் ஒயிலின் கீழ் ஸ்குரூவைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். தண்ணீர் ஒயிலைவிடப் பாரம் என்பதால் இருந்தால் முதலில் அதுதான் சொட்டும். மறுநாள் காலை இன்னொரு தரம் ஸ்ரார்ட் எடுத்துப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனியில் உப்புத் துகளோ நீர்த்துளியோ தெரிந்தால் வடித்தல் வேலையைத் திரும்பத் தொடங்குங்கள். தெரியாவிட்டால் படகில் கொழுவி, கரையைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்.